பாதி நோய்க்கு முழுப் பட்டினியா?

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஆந்திரப் பிரதேசமெங்கும் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கு ஒரு நோட்டீஸ் சென்றது. அம்மாநிலத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுவோர் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். மறுபரிசோதனையில் உங்கள் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று தெரியவந்துள்ளது, ஆகவே ஓய்வூதியம் நிறுத்தப்படும் என்று அவர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் தாள் அறிவித்தது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களும் இதற்கு விலக்காகவில்லை. மாற்றுத்திறனாளிகள் வீதிக்கு வந்தனர். எதிர்ப்பு வலுத்த பிறகு அரசு பின்வாங்கியது. மேல்முறையீடு செய்தவர்களுக்குத் தொகை தொடரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நோட்டீஸ் பின்வாங்கப்பட்டாலும் அதற்குப் பின்னால் நின்ற வாதம் பின்வாங்கவில்லை. ‘அந்த ஆள் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாள் வீட்டில் தையல் தைக்கிறார். வேலை செய்யத் தெம்பு இருக்கிறவர்களுக்கு எதற்கு அரசுப் பணம்?’ தேநீர்க் கடையிலும் கேட்கிறது, அலுவலகத்திலும் கேட்கிறது இந்தக் குரல். ஆலையில் முதுகெலும்பு தேய்ந்து இஎஸ்ஐ விடுப்பில் இருக்கும் தொழிலாளி, மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு கடையில் கணக்கெழுதினால் அவர்மீதும் இதே குற்றச்சாட்டு பாய்கிறது: ஏமாற்றுக்காரர்.

இவ்வாதம் நியாயம்போல் ஒலிப்பதால்தான் ஆபத்தானது. உழைப்பாளிகளில் பலரே இதை நம்புகிறார்கள். எனவே இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டிய கடமை இடதுசாரிகளுக்கு உண்டு. பதில் இதுதான்: நோயுற்றவரும் மாற்றுத்திறனாளியும் தம்மால் இயன்ற அளவு உழைத்துச் சம்பாதிப்பது மோசடியாகாது. அவர்களைக் களவாக உழைக்கும் நிலைக்குத் தள்ளியது, பாதி நோய் என்ற ஒன்றை ஒப்புக்கொள்ள மறுக்கும் சட்டமும், பாதி வயிற்றுக்கும் போதாத உதவித்தொகையுமே ஆகும்.

சட்டத்தின் இரண்டே கட்டங்கள்

பேராசிரியர் அதார்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளிக்கு முதலாளியின் கருணை தேவையில்லை, அது அவரது உரிமை என்று இந்நாட்டில் முதன்முதலாக நிலைநாட்டிய சட்டங்களுள் அதுவும் ஒன்று. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

ஆனால் அச்சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்வது என்ன? ஒரு தொழிலாளி எந்த நாளில் வேலை செய்கிறாரோ, அந்த நாளுக்கு அவருக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது; விபத்தால் ஏற்பட்ட தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகையும் கிடையாது. எட்டு மணி நேரம் உழைத்தாரா, இரண்டு மணி நேரம் உழைத்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் இரண்டு வகையினர்தாம்: முழுதாக நலமுள்ளவர், முழுதாக விழுந்து கிடப்பவர்.

அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கும் இந்த உதவி கிடையாது. மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்திருப்பவர் போன்ற சிலருக்கு ஒழுங்குமுறைகள் விதிவிலக்கு அளிக்கின்றன. ஏனையோருக்கு, காய்ச்சலோடு கிடந்தாலும், சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டால் உதவி நின்றுவிடும். நோயாளி உழைத்தாலும் தண்டனை, போராடினாலும் தண்டனை. அரசு ஏற்கத்தக்க நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சட்டத்தை மாற்றி எழுதியவர்கள், பாதி நலமடைந்தவருக்குப் பாதி உதவி என்ற எளிய சிந்தனையைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவர்கள் கவனம் வேறிடத்தில் இருந்தது. அது எங்கே என்பதைப் பின்னர் பார்ப்போம்.

280 ரூபாயில் ஒரு குடும்பம்

நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒருவருக்கு 280 ரூபாய். முதல் இரண்டு நாட்கள் பொதுவாகக் காத்திருப்புக் காலம். அதற்குத் தொகை இல்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு பயன்பெறும் காலங்களில், அதாவது ஓராண்டில், அதிகபட்சம் 91 நாட்களுக்கே இது கிடைக்கும். 91 நாளும் பெற்றால் மொத்தம் 25,480 ரூபாய். நலமாக இருந்தபோது 400 ரூபாயில் இழுத்துப் பறித்து நடந்த குடும்பம், நோய் வந்து செலவு கூடிய பிறகு 280 ரூபாயில் நடக்க வேண்டும் என்பது அரசின் கணக்கு.

இப்போது அத்தொழிலாளியின் கணக்கைப் பார்ப்போம். உடல் ஓரளவு தேறியிருக்கிறது. முழு ஷிப்ட் நிற்க முடியாது. உட்கார்ந்தபடி அரை நாள் வேலை செய்ய முடியும். அதில் 150 ரூபாய் கிடைக்கும். அதை வெளிப்படையாகச் சொன்னால் அன்றைய 280 ரூபாய் போய்விடும். நாளுக்கு 130 ரூபாய் நட்டம். சொல்லாமல் செய்தால் 430 ரூபாய் கைக்கு வரும். ஆனால் அவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். ஒன்றும் செய்யாமல் கிடந்தால் குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, நேர்மையைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

பாதி வேலைக்குப் பாதி உதவி என்ற விதி இருந்தால் என்ன ஆகும்? உழைப்பில் 150, உதவியில் 140, ஆக 290 ரூபாய். தொழிலாளி ஒளிய வேண்டியதில்லை. நிதியத்துக்கும் நாளுக்கு 140 ரூபாய் மிச்சம். நேர்மையாக இருப்பவர் நட்டப்படாத விதி இது. இன்றைய விதியோ நேர்மைக்கு அபராதம் போடுகிறது.

உதவியின் வாசலுக்கே வராதவர்கள்

இது இஎஸ்ஐ அட்டை வைத்து, தகுதியும் பெற்றவரின் கதை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அந்த வாசலையே தொடாதவர்கள் எத்தனை பேர்!

நோய்க்கால உதவி பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். சித்தூர் மாவட்டம் தோத்தாபுரி மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பேர்போனது. பழம் வரும் சில வாரங்களில் இரவு பகலாக ஓடும் ஆலையில், பழம் கழுவி, நறுக்கி, பெட்டி சுமக்கும் பருவகாலப் பெண் தொழிலாளர்களுக்கு 78 நாள் எப்படி நிறையும்? நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளில், கணக்குப் புத்தகத்தில் பெயரே ஏறாத தறி ஓட்டுநருக்குச் சந்தா எங்கிருந்து வரும்? சத்தியவேடு அருகே உள்ள ஸ்ரீசிட்டியின் ஆலைகளுக்கு எல்லை தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் செல்கிறார்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அங்கே பணிக்காலம் புதிதாகத் தொடங்கிவிடும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தொடர்ச்சியான பணி என்பது ஏது?

இந்தக் கேள்வி உயிரோடு தொடர்புடையது. காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு இஎஸ்ஐயில் 80 சதவீதக் கூலியுடன் நீட்டிக்கப்பட்ட உதவி உண்டு. அதைப் பெற இரண்டாண்டுத் தொடர் பணியும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். காசநோய் ஒப்பந்தத் தொழிலாளியை எளிதில் பிடித்துக்கொள்கிறது. உதவியோ அவரைக் கண்டால் விலகிப் போகிறது.

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பது தமிழ்நாட்டிலும் தெரிந்த செய்தி. இன்றும் ஏழைகள் அங்கே போகிறார்கள். அருகில் இருக்கிறது, செலவு குறைவு, நாள் வீணாகாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டவரின் கையில் இஎஸ்ஐ மருத்துவரின் சான்று இராது. சான்று இல்லாமல் உதவிக்கு அலைவது பெரும்பாடு. கை எலும்பு கூடும்வரை மற்றொரு கையால் புளியங்கொட்டை நீக்குவதோ, இரவுக் காவலுக்குப் போவதோ தவிர அவருக்கு வேறு வழியில்லை. திருப்பதியில் கோயிலுக்கும் கடைகளுக்கும் பூக்கட்டும் பெண்களிடையே சென்று விசாரித்துப் பாருங்கள். தெம்பு குறைந்ததால் கனமான வேலையை விட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். நோயாளிக்கான பகுதிநேர வேலை என்ற ஒன்று நம் சமூகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குச் சட்டப் பெயரும் பாதுகாப்பும்தான் இல்லை.

கட்டைவிரலுக்கு ஒரு நீதி, காய்ச்சலுக்கு ஒரு நீதி

உழைப்பும் உதவியும் ஒன்றாகச் செல்லக்கூடாது என்பது இயற்கை விதிபோல் பேசப்படுகிறது. அதே இஎஸ்ஐ சட்டம் இதைப் பொய்யாக்குகிறது.

ஆலை இயந்திரத்தில் கட்டைவிரலை இழந்த தொழிலாளிக்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 30 சதவீத ஈட்டுதிறன் இழப்பு என்று வரையறுக்கிறது. அந்த விகிதத்தில் அவருக்கு நிரந்தர இயலாமை உதவித்தொகை வழங்கப்படுகிறது. மறுபடி அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாலும், வேறு ஆலையில் கூடுதல் கூலிக்குச் சேர்ந்தாலும் அந்தத் தொகை நிற்காது. ஏனெனில் அது இழந்த விரலுக்கான ஈடு. மீந்த உடலைக்கொண்டு அவர் உழைப்பதைச் சட்டம் மதிக்கிறது. யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை.

ஆக, பகுதி இழப்புக்குப் பகுதி ஈடு என்ற கொள்கை இச்சட்டத்துக்கு அந்நியமானதன்று. விரல் போனால் செல்லுபடியாகும் அந்தக் கொள்கை, நுரையீரல் பாதியாகிப் போனால், முதுகெலும்பு தேய்ந்தால், சிறுநீரகம் தளர்ந்தால் ஏன் செல்லாது? அட்டவணையில் எண் போட்டு எழுதக்கூடிய காயத்தைத்தான் அரசு நம்பும். கண்ணுக்குத் தெரியாத நோயைச் சந்தேகிக்கும். சந்தேகத்தின் சுமையைச் சுமப்பவர் எப்போதும் தொழிலாளியே.

ஒரு சதவீதத்தின் விலை 72,000 ரூபாய்

இனி, ஆந்திரத்தின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வருவோம். 2024 ஜூலை முதல் அது மாதம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எழ இயலாமல் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாய். இந்த உயர்வை நாம் வரவேற்கிறோம். ஒன்றிய அரசு தன் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் 80 சதவீதக் குறைபாடு உள்ள வறியவருக்குத் தருவது 2012 முதல் மாதம் 300 ரூபாய் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நாளைக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு மாற்றுத்திறனாளிகளுக்குப் புதுப்புதுப் பெயர் சூட்டி மகிழ்கிற அரசோடு ஒப்பிட்டால், மாநிலத்தின் தொகை பெரிதாகத்தான் தெரியும்.

ஆனால் தொகை உயர உயர, அதைச் சுற்றிய வேலியும் உயர்ந்தது. சதரம் சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால் 6,000 ரூபாய். 39 என்றால் ஒன்றுமில்லை. ஒரு சதவீதத்தின் விலை ஆண்டுக்கு 72,000 ரூபாய். ஒரு மருத்துவர் கோணமானியை மூட்டில் வைத்து அளப்பதில் ஏற்படும் சிறு வேறுபாடு ஒரு குடும்பத்தின் ஆண்டு வாழ்வைத் தீர்மானிக்கிறது. நேற்று ஒரு மருத்துவர் 45 என்றார். இன்று இன்னொருவர் 35 என்கிறார். இந்த வேறுபாட்டுக்கு நொண்டி நடக்கும் மனிதர் எப்படிப் பொறுப்பாவார்?

அடுத்தது வருமான விதி. முந்தைய ஆட்சி வகுத்த தகுதி விதிகளில், குடும்பத்தின் மாத வருமானம் கிராமத்தில் 10,000 ரூபாயையும் நகரத்தில் 12,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. மின் நுகர்வு 300 யூனிட்டைத் தாண்டக்கூடாது. குடும்பத்தில் அரசு ஊழியர் இருக்கக்கூடாது. வெளிமுகமை மூலம் அரசு அலுவலகத்தில் அற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கூட, கணினியின் பட்டியலில் அரசு ஊழியராகத் தெரிந்து, அவர் குடும்பம் நலத் திட்டங்களை இழந்தது உண்டு. ஆட்சி மாறியது; திட்டத்தின் பெயர் மாறியது; மாற்றுத்திறனாளியைத் தனி மனிதராகப் பாராமல், குடும்பத்தின் ஓர் உறுப்பாக மட்டும் பார்க்கும் பார்வை மாறவில்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் 9,500 ரூபாய் உள்ள ஒரு கிராமத்து வீட்டில், போலியோவால் கால் சூம்பிய ஓர் இளம்பெண் 6,000 ரூபாய் ஓய்வூதியம் பெறுகிறார். பக்கத்து ஊர்க் கடையில் 3,000 ரூபாய்க்குப் பகுதிநேரக் கணினி வேலை கிடைக்கிறது. ஏற்றுக்கொண்டால் குடும்ப வருமானம் 12,500 ஆகி எல்லையைத் தாண்டுகிறது. விதி அப்படியே செயல்பட்டால் 3,000 ரூபாய் ஈட்டுவதற்காக 6,000 ரூபாயை இழக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வந்து, நாலு பேரோடு பழகி, தன் காலில் நிற்க முயலும் ஒரு பெண்ணுக்கு அரசு சொல்லும் அறிவுரை: வீட்டிலேயே இரு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு பேசுகிறது. சமூகத்தில் முழுப் பங்கேற்பைப் பேசுகிறது. ஓய்வூதிய விதியோ பங்கேற்றால் பணம் இல்லை என்கிறது.

மாற்றுத்திறனோடு வாழ்வதற்கே தனிச் செலவு உண்டு. பேருந்தில் ஏற முடியாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். செயற்கைக் கால் தேய்ந்தால் மாற்ற வேண்டும். உடன் வருபவரின் அன்றைய கூலி போகும். வேலைக்குப் போனால் இந்தச் செலவு குறைவதில்லை, கூடுகிறது. ஆகவே இந்த ஓய்வூதியத்தை வறுமைக்கான பிச்சையாகக் கருதுவது பிழை. கட்டைவிரலுக்கான தொகையைப் போல இதுவும் ஓர் ஈடு.

மோசடி எங்கே இருக்கிறது?

‘போலிச் சான்றிதழ்களே இல்லையா?’ என்று கேட்பார்கள். இருக்கின்றன. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஒரு போலிச் சான்றுக்குப் பின்னால் பணம் வாங்கிய இடைத்தரகர் இருக்கிறார். கையெழுத்திட்ட மருத்துவர் இருக்கிறார். பரிந்துரைத்த உள்ளூர் அரசியல்வாதி இருக்கிறார். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். நாமும் துணை நிற்போம். ஆனால் அவர்களைத் தேடுவது கடினம் என்பதற்காக லட்சம் பேரை வரிசையில் நிற்கவைத்து, நீ உண்மையிலேயே முடமா என்று நிரூபிக்கச் சொல்வது நிர்வாகமாகாது, அவமதிப்பாகும்.

சட்டத்தின் தராசையும் பாருங்கள். பொய் கூறி உதவித்தொகை பெறும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ சட்டத்தின் 84ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை விதித்தது. தொழிலாளியின் கூலியில் பிடித்த சந்தாவைக் கட்டாமல் விழுங்கும் முதலாளிக்கு 85ஆம் பிரிவில் அதைவிடக் கடுமையான சிறைத்தண்டனை எழுதப்பட்டிருந்தது. ஏட்டில் எழுதப்பட்ட அந்தத் தண்டனையை அனுபவித்த முதலாளியை உங்கள் ஊரில் யாரேனும் கண்டதுண்டா? அந்த ஏட்டுத் தண்டனையும் உறுத்தியதால்தான் புதிய தொகுப்பு, வழக்குத் தொடருமுன் குறையைச் சரிசெய்துகொள்ள முதலாளிக்கு வாய்ப்பு அளிக்கச் சொல்கிறது. சமரசக் கட்டணத்தில் வழக்கை முடித்துக்கொள்ளவும் வழிசெய்கிறது. சட்டத்தைத் திருத்தியவர்களின் கவனம் எங்கே இருந்தது என்பது இப்போது புரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் இஎஸ்ஐ சந்தாவை ஒன்றிய அரசு 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆயிற்று; தொழிலாளியின் பங்கு 1.75இலிருந்து 0.75 ஆயிற்று. மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டிய 570 ரூபாய் 390 ரூபாயாகச் சுருங்கியது. அப்படிப்பட்ட ஆயிரம் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஆலைக்கு ஆண்டுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் மிச்சம். நிதி போதாது என்றால் சந்தாவை ஏன் குறைத்தார்கள்? நிதி போதும் என்றால் 70 சதவீத உதவியை 90 ஆக ஏன் உயர்த்தவில்லை? 91 நாள் எல்லையை ஏன் நீட்டவில்லை? நோயாளியின் 150 ரூபாயைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண்களுக்கு இந்த லட்சங்கள் தெரிவதில்லை.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

நாம் கேட்பது நடக்க முடியாத கனவன்று. சுவீடனில் நோய்க்கால உதவி கால், அரை, முக்கால், முழு என்று நான்கு அளவுகளில் வழங்கப்படுகிறது. பாதி வேலை செய்ய இயன்றவர் பாதி ஊதியமும் பாதி உதவியும் பெறுகிறார். பின்லாந்து 2007 முதல் பகுதி நோய்க்கால உதவியை நடைமுறைப்படுத்தி வருகிறது. ஜெர்மனியில் நீண்ட நோயிலிருந்து தேறுபவர், மருத்துவர் வகுத்த திட்டப்படி நாளுக்கு இரண்டு மணி, நான்கு மணி என்று படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். அக்காலத்தில் நோய்க்கால உதவி தொடர்கிறது. இவை எவையும் சோஷலிச நாடுகள் அல்ல. தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த முதலாளித்துவ நாடுகள். அவ்வளவுதான்.

எச்சரிக்கையான பாடமும் ஒன்று உண்டு. பிரிட்டனில் இயலாமை உதவி பெறுவோர் வாரத்தில் 16 மணி நேரத்துக்குக் குறைவாக, ஒரு வருமான வரம்புக்குள் வேலை செய்ய அனுமதி உண்டு. அதே பிரிட்டனில்தான், வேலைத் தகுதிச் சோதனை என்ற பெயரில், எழ முடியாதவர்களையும் வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதித் தள்ளிய கொடுமையும் நடந்தது. 2025இல் இயலாமை உதவியை வெட்ட அரசு கொண்டுவந்த திட்டத்தின் முக்கியப் பகுதியை, ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால், ஜூலை மாதத்தில் கைவிட நேர்ந்தது. இயன்றால் உழைக்கலாம் என்ற உரிமை, ஆட்சியாளர் கையில் நீ உழைத்தே ஆகவேண்டும் என்ற கட்டளையாக மாறக்கூடும். எனவே நம் கோரிக்கையின் வரையறை தெளிவாக இருக்க வேண்டும்: பகுதி வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கும் அவர் மருத்துவருக்கும் மட்டுமே. முதலாளிக்கும் அதிகாரிக்கும் அதில் உரிமையில்லை.

நாம் முன்வைக்க வேண்டியவை

நோய்க்கால உதவி கால், அரை, முக்கால் என்ற படிநிலைகளில் வழங்கப்பட வேண்டும். தேறிவரும் தொழிலாளிக்கு இலகுவான பணி தருவது முதலாளியின் கடமையாக்கப்பட வேண்டும். உதவி விகிதம் 70 சதவீதத்திலிருந்து, பணிக்காய உதவிக்கு இணையாக 90 சதவீதமாக உயர வேண்டும். நோயுற்றவரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் விதி நீக்கப்பட வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கான சந்தாவுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்பது 1948 சட்டத்தின் 40ஆம் பிரிவிலேயே உள்ள நெறி. அப்படியிருக்க, ஒப்பந்ததாரர் கட்டத் தவறியதற்காகத் தொழிலாளியின் உதவியை மறுப்பதை நிறுத்த வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும், பணிக்காலம் முதன்மை முதலாளியிடம் தொடர்வதாகக் கணக்கிடப்பட வேண்டும். பருவகாலத் தொழிலாளிக்கு 78 நாள் நிபந்தனை தளர்த்தப்பட வேண்டும்.

மாற்றுத்திறனாளியின் ஓய்வூதியம் தனி மனித உரிமையாக வேண்டும். அவர் சொந்த உழைப்பில் ஈட்டும் சிறு வருமானம் தகுதிக் கணக்கில் சேரக்கூடாது. 40 சதவீதம் என்ற செங்குத்துப் பள்ளத்துக்குப் பதிலாகச் சரிவான படிகள் வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை எவருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தக்கூடாது. ஒன்றிய அரசின் 300 ரூபாய் உடனடியாக உயர்த்தப்பட வேண்டும்.

இவற்றைத் தாள்களில் எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. ஸ்ரீசிட்டியின் ஆலை வாயிலிலும், நகரியின் தறிக் கொட்டகையிலும், திருப்பதி இஎஸ்ஐ மருத்துவமனையின் வரிசையிலும், சதரம் முகாமின் திண்ணையிலும் இந்த விவாதம் நடக்க வேண்டும். தொழிற்சங்கமும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பும் தனித்தனியே போராடி வந்த இரு பிரச்சனைகள் உண்மையில் ஒன்றே என்பதை உறுப்பினர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். சந்தாப் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியும் சரிபார்க்க, கிளைகள் உதவ வேண்டும். மறுபரிசோதனைக்கு அழைக்கப்படும் ஒவ்வொருவருடனும் ஒரு தோழர் செல்ல வேண்டும்.

முதலில் மாற வேண்டியது நம் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு பெட்டிக்கடையும் நடத்துகிறார் என்று யாரேனும் குறைகூறும்போது நாம் மௌனமாகத் தலையசைக்கக் கூடாது. ‘நடத்தட்டும்; அது அவர் உரிமை; அவரை ஒளிந்துகொள்ளச் செய்யும் விதியை மாற்றுவோம், வா’ என்று சொல்ல வேண்டும்.